டிராகன் செடி மஞ்சளானால் தண்ணீர் ஊற்றலாமா?

சித்திரை பிறந்தால் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் இருந்து தவறாமல் வரும் கேள்வி இது: ‘தூணில் ஏறிய டிராகன் செடி மஞ்சளாகிறது, என்ன மருந்து அடிப்பது?’ எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டால், ‘தினமும் இரண்டு வேளை’ என்பார்கள். செடி வாடுகிறது என நினைத்து ஊற்றும் அந்தத் தண்ணீர்தான் பல செடிகளை அழுக வைக்கிறது.

டிராகன் கள்ளி இனம்தான். ஆனால் பாலைவனக் கள்ளி அல்ல. தெற்கு மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரங்களைப் பற்றி ஏறி, அரை நிழலில் வளர்ந்த கொடி. நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலும் அதற்கு ஆகாது, காலடியில் தேங்கும் நீரும் ஆகாது.

செடி மஞ்சளானால் முதலில் தொட்டுப் பாருங்கள். தெற்கு, மேற்கு வெயில் படும் பக்கத்தில் மட்டும் மஞ்சளாகி, தண்டு கெட்டியாக இருந்தால் அது வெயில் கருகல். மருந்து தேவையில்லை. பங்குனி முதல் ஆனி வரை பச்சை நிழல்வலை கட்டினால் போதும். வலை 50 சதவீத நிழலுக்கு மேல் வேண்டாம்; நிழல் கூடினால் பூ குறையும். மேற்குப் பக்கம் அகத்தி, முருங்கை இருந்தால் வலைச் செலவும் மிச்சம்.

மண்ணை ஒட்டிய அடித்தண்டு மஞ்சளாகி, அழுத்தினால் கொழகொழப்பாக இருந்து நாற்றம் அடித்தால் அது அழுகல். உடனே தண்ணீரை நிறுத்த வேண்டும். அழுகிய சதையைச் சுரண்டி எடுத்து, லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சி குளோரைடு கலந்து தூரில் ஊற்றலாம். அழுகல் தண்டைச் சுற்றிப் பரவிவிட்டால் அடியைக் காப்பாற்ற முயல வேண்டாம். மேலே நல்ல பச்சைத் தண்டை வெட்டுங்கள். வெட்டிய முகத்தில் பழுப்புத் தடம் தெரிந்தால், அது மறையும் வரை இன்னும் மேலே வெட்ட வேண்டும். அந்தத் துண்டை நிழலில் 5 முதல் 7 நாள் வைத்து, காயம் ஆறிய பிறகு நட்டால் புதுச் செடி.

தண்டில் செம்பழுப்புப் புள்ளிகள் மேடாக எழுந்து சொரசொரப்பானால் அது பூஞ்சாணத்தால் வரும் தண்டுப் புற்று. அந்தப் பகுதியை வெட்டி எரித்துவிட வேண்டும். வெட்டிய கத்தியைத் துடைக்காமல் அடுத்த செடியில் வைக்காதீர்கள்.

இந்தப் பாடத்தை நானும் இழந்துதான் கற்றேன். எங்கள் வீட்டுத் தோட்டம் களிமண். தென்னைக்குத் தோண்டுவதைப் போல் குழி எடுத்து நான்கு செடி வைத்தேன். ஐப்பசி மழையில் குழி தொட்டியானது. கார்த்திகை முடிவதற்குள் நான்கும் போயின. இப்போது தரையில் இருந்து ஓர் அடி உயரம் மேடு கட்டி, அதன் மேல்தான் நடுகிறேன். மேட்டுக்குத் தோட்ட மண், மணல், மட்கிய தொழு உரம் சம அளவு. வேர் மேலோட்டமாகவே ஓடும் என்பதால் ஆழம் தேவையில்லை. தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து இடலாம். அதோடு காப்பர் மருந்தையும் சேர்த்து ஊற்றுகிறவர்கள் உண்டு. காப்பர் அந்த நன்மை செய்யும் பூஞ்சாணத்தையே கொன்றுவிடும். இரண்டுக்கும் 15 நாள் இடைவெளி விடுங்கள்.

தூணை முதலில் நட்டு, அப்புறம் செடி. கல்தூணோ சிமென்ட் தூணோ, மண்ணுக்குள் 2 அடி, வெளியே 5 அடி. சவுக்குக் கம்பு மலிவுதான். ஆனால் செடி காய்க்கத் தொடங்கிப் பாரம் ஏறும் நேரத்தில் அடி இற்று விழும். உச்சியில் குறுக்குக் கம்பி செருகி, பழைய இருசக்கர வாகன டயரை அதன் மேல் கட்டினால் பந்தல் தயார். ஒரு தண்டை மட்டும் மேலே ஏற்றுங்கள். பக்கக் கிளைகளை முளையிலேயே கிள்ளிவிட வேண்டும். சணல் கயிறு, துணி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள்; கம்பி வேண்டாம், அது அறுத்த காயத்தில்தான் அழுகல் நுழையும். தண்டு டயரைத் தாண்டியதும் நுனியைக் கிள்ளினால் கிளைகள் பிரிந்து குடைபோலத் தொங்கும். தொங்கும் கிளைகளில்தான் பூ.

தண்ணீருக்கு நாள் கணக்கு வேண்டாம். விரலை மண்ணில் விடுங்கள். இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் ஊற்றலாம். அடைமழைக் காலத்தில் ஒரு சொட்டும் தேவையில்லை. கடைசி அறுவடை முடிந்ததும் கவாத்து செய்யச் சொல்வார்கள். வடகிழக்குப் பருவமழை பெய்யும் நம் பகுதிகளில் அது ஈரக் காலம். தை பிறந்து வெயில் காய்ந்த பிறகு வெட்டி, வெட்டு வாயில் போர்டோ பசை தடவுவதே நல்லது.

பூ இரவில் விரிந்து, காலை வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். சிவப்புச் சதை ரகங்களில் சில தன் மகரந்தத்தில் காய் பிடிக்காது. பூ உதிர்ந்தால், வெள்ளைச் சதை ரகத்தின் மகரந்தத்தைத் தூரிகையால் இரவிலேயே தொட்டு வைக்கலாம். தோல் முழுதும் சிவந்து 4, 5 நாள் கழித்துப் பறியுங்கள். பறித்த பின் இந்தப் பழத்தில் இனிப்பு ஏறாது. அந்த நாட்களில் கிளியும் மைனாவும் முந்திக்கொள்ளும். பழத்துக்கு வலைப்பை மாட்டிவிட்டுக் காத்திருங்கள்.