மும்பையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை

கைக்குழந்தையோடு மும்பைக்கு வந்த புதிதில், இவர் சம்பளத்தில் பாதி டோம்பிவிலி வீட்டு வாடகைக்கே போயிற்று. அட்வான்ஸுக்காக என் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. வேலை கேட்ட இடத்திலெல்லாம் "ஹிந்தி தெரியுமா?" என்றார்கள். ரயிலில் இடிபட்டதுதான் மிச்சம்!

"ஏம்மா ஊரெல்லாம் சுத்தறே? கைவசம் இருக்கறதைப் பாரேன்" என்றார் எதிர்வீட்டு மாமி. 1959-ல் கிர்காம் மொட்டைமாடியில் 7 பெண்கள், 80 ரூபாய் கடனில் அப்பளமிடத் தொடங்கியதுதான் லிஜ்ஜத் என்றும் சொன்னார்.

மறுநாளே இட்லி மாவு அரைத்தேன். மாமிதான் முதல் வாடிக்கை. விடியற்காலை ரயிலுக்கு ஓடும் பெண்கள் தேடி வந்து வாங்கினார்கள். அவர்களிடமே ஹிந்தியும் கற்றேன். எட்டு மாதத்தில் வளையல்களை மீட்டுவிட்டேன்.

புது ஊருக்கு வரும் சகோதரிகளே, முதலில் அக்கம்பக்கத்தில் முகம் கொடுத்துப் பேசுங்கள். எனக்கு வழி பிறந்தது அந்தப் பேச்சில்தான்.