யுரேனஸ் வளையத்துக்கு 72 கண்ணி

திருவண்ணாமலைக்கு வடக்கே ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூரைத் தாண்டிப் போனால், இன்றைய திருப்பத்தூர் மாவட்ட எல்லைக்குள் காவலூர் வருகிறது. வைணு பாப்பு வானாய்வகம் என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்த இடத்தில், 1977 மார்ச் மாதத்து இரவொன்றில், ஜே.சி. பட்டாச்சார்யா, கே. குப்புசாமி என்ற இரு விஞ்ஞானிகள் 1 மீட்டர் தொலைநோக்கியால் யுரேனஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோள் ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே வரவிருந்த நேரம். கோள் மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சட்டென்று மங்கி, மறுபடி தெளிந்தது. ஒரு புதிய துணைக்கோள் தென்பட்டிருக்கிறது என்று அவர்கள் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அதே நிகழ்வை விமானத்தில் பொருத்திய தொலைநோக்கியால் பதிவு செய்த ஜேம்ஸ் எலியட்டின் குழு, கோளின் இருபுறமும் ஒத்த தூரங்களில் ஒளி மங்கியதைக் கண்டு, யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று அறிவித்தது.

நம் பக்கத்து மலையில் நடந்த இந்தக் கதையை நூலில் பின்னி ஒரு குழந்தையின் கையில் கொடுக்கலாம். நியூரான், வைரஸ், டி.என்.ஏ., கோள்கள், ஆழ்கடல் உயிர்கள் என்று அறிவியல் பொம்மைகளைக் கையால் பின்னிப் பரிசளிப்பது உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. ஜப்பானியர்கள் ‘அமிகுருமி’ என்று அழைக்கும், பஞ்சடைத்த சின்னப் பின்னல் பொம்மைகளிலிருந்து வளர்ந்த பழக்கம் இது. கண்ணும் வாயும் வைத்த அழகு பொம்மை எங்கும் கிடைக்கும். அறிவியல் பொம்மைக்கு அழகு மட்டும் போதாது, எண்ணிக்கையும் சரியாக இருக்க வேண்டும். அதைச் சரியாகச் செய்ய குரோஷாவைப் போல இசைந்த கைவேலை வேறில்லை. ஏனென்றால் குரோஷாவே ஒரு கணக்குதான்.

பின்னலாடை என்றதும் நமக்குத் திருப்பூர் நினைவுக்கு வரும். அது நிட்டிங். ஒரு வரிசைக் கண்ணிகள் அத்தனையும் ஊசிகளில் திறந்தபடி நிற்கும், அடுத்த வரிசை அவற்றின் வழியே நுழையும். அதனால்தான் இயந்திரத்தால் பனியன் துணியை மீட்டர் கணக்கில் ஓட்ட முடிகிறது. குரோஷா அப்படியல்ல. முனை வளைந்த ஒரே ஊசி, ஒரு நேரத்தில் ஒரே கண்ணி. அதை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக முடியும். இதைச் செய்து தள்ளும் இயந்திரம் ஆலைகளுக்கு இன்னும் வரவில்லை. கடையில் பார்க்கும் குரோஷா பொம்மை ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் உட்கார்ந்து பின்னியது என்று நம்பலாம்.

யுரேனஸ் உருண்டையைப் பின்னிப் பார்ப்போம். மேஜிக் ரிங் எனப்படும் சுருக்கு வளையத்துக்குள், சிங்கிள் குரோஷா எனப்படும் குட்டைக் கண்ணி 6. அடுத்த சுற்றில் 12, பிறகு 18, 24, 30, 36. சுற்றுக்கு 6 கண்ணிதான் கூட வேண்டும். ஏன் 6? வட்டத்தின் ஆரம் ஓர் அலகு வளர்ந்தால் சுற்றளவு 2π, அதாவது சுமார் 6.28 அலகு வளரும். சிங்கிள் குரோஷாவின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே ஒரு சுற்று ஏறினால் 6 கண்ணி. டபுள் குரோஷா கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரம் என்பதால் அதற்கு 12. பள்ளியில் மனப்பாடம் செய்த π, விரல் நுனியில் வேலை செய்வதை இங்கே உணரலாம்.

36 வந்ததும் கூட்டுவதை நிறுத்தி, 6 சுற்று அப்படியே பின்ன வேண்டும். தட்டு மெல்லக் கிண்ணமாகக் குழியும். பிறகு ஏறிய வழியே இறக்கம்: 30, 24, 18. இந்த இடத்தில் பஞ்சை அடைத்துவிட்டு 12, 6 என்று மூட வேண்டும். மொத்தம் 432 கண்ணி. கூட்டும் கண்ணிகள் சுற்றுக்குச் சுற்று ஒரே இடத்தில் விழுந்தால் உருண்டை அறுகோணமாகிவிடும். அதனால் இடத்தை மாற்றி மாற்றிப் போடுவது அவசியம்.

இப்போது வளையம். யுரேனஸின் வளையங்களில் மிகப் பிரகாசமானது எப்சிலான். கோளின் மையத்திலிருந்து அதன் தூரம் சுமார் 51,000 கி.மீ.; கோளின் ஆரமோ சுமார் 25,500 கி.மீ. சரியாக இரண்டு மடங்கு! ஆக, உருண்டையின் நடுச்சுற்று 36 என்றால் வளையத்துக்கு 72 செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு இணைத்தால் அளவு பிசகாது. கரிய நூலில், ஒல்லியாக, ஒரே சுற்று. பருத்தி நூலாக இருந்தால் கொஞ்சம் கஞ்சி போட்டால் விறைத்து நிற்கும். நான்கு இடங்களில் நூல் கட்டி உருண்டையோடு பிணைத்துவிடலாம். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. யுரேனஸின் அச்சு சுமார் 98 பாகை சாய்ந்திருக்கிறது, அது படுத்தபடிதான் சூரியனைச் சுற்றுகிறது. சனிக்கு வைப்பது போல வளையத்தைக் கிடையாக வைத்தால் பொம்மை வேறு கோளாகிவிடும். நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். நிறம் வெளிர் நீலப்பச்சை, அங்குள்ள மீத்தேன் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதால்.

பிழைகள் இப்படிப்பட்ட இடங்களில்தான் நுழைகின்றன. டி.என்.ஏ. ஏணி, சாதாரணத் திருகாணியின் மரை ஏறும் பக்கமே முறுக்க வேண்டும். எதிர்ப்பக்கம் முறுக்கிய பொம்மைகள் ஏராளம். செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு மூன்று பின்னினால் நூல் தானாகச் சுருளும். தைப்பதற்கு முன் கையால் முறுக்கித் திசையை மாற்றிக்கொள்ளலாம். பாக்டீரியாவைத் தாக்கும் டி4 வைரஸுக்கு நீண்ட கால்கள் ஆறு. எட்டு வைத்தால் சிலந்தி. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தேவாங்கைப் பின்னுகிறவர்கள் குரங்கின் நினைவில் நீள வாலைத் தைத்துவிடுவார்கள். தேவாங்குக்கு வெளியே தெரியும் வாலே கிடையாது.

சுற்றுக்கு 6 என்ற விதியை வேண்டுமென்றே மீறினால் என்ன ஆகும்? சுற்றுக்கு மேல் சுற்றாகக் கண்ணிகளை அளவுக்கு மீறிக் கூட்டிக்கொண்டே போனால், தட்டையாக இருக்க இடமின்றி ஓரம் மடிந்து மடிந்து நெளியும். பூக்கடையில் கோழிக்கொண்டைப் பூவைப் பார்த்தவர்களுக்கு இந்த நெளிவு புதிதல்ல. கணிதத்தில் இதற்கு அதிபரவளையத் தளம் என்று பெயர். ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக ஓர் இணைகோடுதான் வரையலாம் என்ற யூக்ளிட் வடிவியல் இங்கே செல்லாது, எத்தனை வேண்டுமானாலும் வரையலாம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய, லாட்வியாவில் பிறந்த கணிதவியலாளர் டைனா டைமினா, மாணவர்களுக்குக் காட்டும் காகித மாதிரிகள் கிழிந்துபோவதால் 1997இல் இதை குரோஷாவில் பின்னினார். பல காலம் பெரும்பாலும் கற்பனையிலேயே இருந்த ஒரு தளத்தை மாணவர்கள் மடித்துப் பார்த்தார்கள். என்னைக் கேட்டால், ஒரு கைவேலை கணிதத்துக்குச் செய்த இதைவிடப் பெரிய உதவி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

2004இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஹிங்கா ஓசிங்கா, பெர்ண்ட் கிரவுஸ்கோஃப் இருவரும் வானிலைச் சமன்பாடுகளிலிருந்து பிறந்த லாரன்ஸ் பரப்பைப் பின்னல் குறிப்பாக மாற்றினார்கள். அதைப் பின்ன 25,511 கண்ணிகளும் சுமார் 85 மணி நேரமும் பிடித்தன. 2005இல் மார்கரெட், கிறிஸ்டீன் வெர்தைம் சகோதரிகள், டைமினாவின் முறையிலேயே பவளப்பாறைகளைப் பின்னத் தொடங்கினார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளம் வைத்திருக்கும் நமக்கு, பரிசளிக்க அதைவிட நல்ல வடிவம் வேண்டுமா? தொடங்கிப் பழகுகிறவர்களுக்கும் இதுவே எளிது, கணக்குத் தப்பினாலும் பவளம் பவளமாகவே இருக்கும்.

நூல் வேலையில் தமிழகம் பின்தங்கிய இடமல்ல. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகளும் ராபர்ட் கால்டுவெல்லின் மனைவியுமான எலிசா அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். 2016 ஜனவரியில், ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவின் பெண்கள் சென்னையில் 11,148.5 சதுர மீட்டர் குரோஷாப் போர்வையை விரித்துக் கின்னஸில் இடம்பிடித்தார்கள். திருவண்ணாமலையிலும் நிலம் தயாராக இருக்கிறது. கணத்தம்பூண்டியில் உள்ள மருதம் பண்ணைப் பள்ளி கைவினைக்கென்றே ஒரு வாரம் ஒதுக்கி நடத்திவந்திருக்கிறது. கைவினையும் அறிவியலும் ஒரே மேசையில் உட்கார இப்படிப்பட்ட பள்ளிகளைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

செய்ய நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைகள். நம் ஊர் வெயிலுக்கும் குழந்தையின் வாய்க்கும் உல்லன் நூலைவிடப் பருத்தி நூல் நல்லது. நூல்கண்டின் உறையில் அச்சிட்டிருக்கும் ஊசி அளவைவிடச் சின்ன ஊசியை எடுங்கள், இடைவெளியில் பஞ்சு எட்டிப்பார்க்காது. இலவம்பஞ்சு சுகமானதுதான், ஆனால் துவைத்தால் கட்டி தட்டும். துவைக்க வேண்டிய பொம்மைக்கு பாலியெஸ்டர் பஞ்சு மேல். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு என்றால் பொத்தான் கண் வேண்டாம், நூலாலேயே கண்ணைத் தையுங்கள். யுரேனஸ் வளையமும் அந்த வயதுக்கு ஆகாது.

கிரிவலம் வருகிறவர்களுக்கும் வெளிநாட்டுப் பயணிகளுக்கும் விற்க நினைத்தால் ஒரு சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 2021 ஜனவரி முதல் 14 வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருட்கள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் தாங்களே செய்து விற்கும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. பதிவுக்குப் பிறகு விலையைப் போடுங்கள், நூலுக்கும் பஞ்சுக்கும் மட்டுமல்ல, 432 கண்ணிக்கும் 72 செயினுக்கும் சேர்த்து.