கண்ணாடி உங்களுடையது, கரன்ட் பில் அவருடையது

அண்ணாச்சி, திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் கடையை வாடகைக்கு விடுவது வேறு, கழக்கூட்டத்தில் ஐந்து மாடி கட்டி ஐ.டி. கம்பெனிக்கு விடுவது வேறு. டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

கடைக்காரருக்கு இரண்டு ஃபேனும் நாலு ட்யூப்லைட்டும் போதும். கம்பெனிக்கோ ஏ.சி.தான் பில்லை ஏற்றும். அது எவ்வளவு ஓடும் என்பதில் உங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டால் பார்க்க ஜோராக இருக்கும். மூன்று மணி வெயில் நேரே மேஜையில் விழும். உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு லாரி பேக்கர் துளைவிட்டுக் கட்டிய செங்கல் ஜாலிச் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஏ.சி. அறைக்குக் காற்றுத் துளை ஆகாது, ஆனால் கண்ணாடிக்கு வெளியே நிழலுக்கு ஜாலி தாராளமாக ஆகும். அதற்கான செலவு உங்களுடையது, மிச்சமாகும் பில் வாடகைக்கு வந்தவருடையது. அதனால் நீங்கள் போடமாட்டீர்கள். மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்தவர் உங்கள் சுவருக்குப் பணம் போடுவாரா? சிக்கலே இதுதான், கார்பன் கணக்கெல்லாம் பிறகு.

சட்டம் பிடிப்பது உங்களைத்தான். 2007-இல் வந்து 2017-இல் திருத்தப்பட்ட எரிசக்தி சேமிப்புக் கட்டட விதிப்படி, இணைப்புச் சுமை 100 கிலோவாட் அல்லது ஒப்பந்தத் தேவை 120 கே.வி.ஏ. தொட்டால் சுவர், கூரை, கண்ணாடி, ஏ.சி., விளக்கு எல்லாவற்றுக்கும் அளவுண்டு. பிளான் போடுமுன் ஸ்ரீகாரியத்து எரிசக்தி மேலாண்மை மையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். இது முக்கியமாகப் புதுக் கட்டடத்துக்கான விதி. பழையதற்கு நட்சத்திர மதிப்பீடு உண்டு, விரும்பினால்.

இனி கார்பன். எரிசக்தி சேமிப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் கார்பன் சந்தைக்கு வழி திறந்தது. முதலில் மாட்டியவை சிமென்ட், அலுமினியம் போன்ற ஆலைகள். வாடகைக் கட்டடத்துக்கு உமிழ்வு வரம்பு வைக்கவில்லை. நிம்மதி வேண்டாம். நியூயார்க்கில் 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு வரம்பு உண்டு; தாண்டினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம். இங்கிலாந்தில் 2023 ஏப்ரல் முதல், விலக்கு வாங்காமல் ‘இ’ தரத்துக்குக் கீழான வணிகக் கட்டடத்தை வாடகைக்கு விட்டுவைக்கவே முடியாது. உங்களிடம் வரும் கம்பெனிக்கு அங்கே தலைமையகம் இருந்தால், வருஷத்துக்கு எத்தனை டன் என்று கேட்பார்கள். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. மாதம் பத்தாயிரம் யூனிட் என்றால், மாதத்துக்கு ஏழு டன்.

அந்தக் கணக்குக்கு மீட்டர் வேண்டும். பக்கத்து ஐ.டி. பூங்காவான டெக்னோபார்க்குக்கு மின் விநியோக உரிமமே இருக்கிறது. மொத்தமாக வாங்கிக் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறார்கள். உங்களுக்கு அது கிடையாது, கரன்டை விற்க முடியாது. மாடிக்கு மாடி மின்வாரியத்தின் (கே.எஸ்.இ.பி.) இணைப்பே வாங்கிவிடுங்கள். மத்திய ஏ.சி. என்றால் ஒவ்வொரு மாடிக்கும் போகும் குளிர்நீர்க் குழாயில் பி.டி.யு. மீட்டர்: எவ்வளவு தண்ணீர் போனது, எவ்வளவு சூடேறித் திரும்பியது என்று பார்த்து, அந்த மாடி வாங்கிய குளிர்ச்சியைச் சொல்லும். இதில் கஞ்சத்தனம் கூடாது. சதுர அடிக்கு இவ்வளவு என்று பிரித்தால், ஆறு மணிக்குப் பூட்டும் மாடிக்காரர் நைட் ஷிஃப்ட் மாடிக்காரரின் குளிருக்குப் பணம் கட்டுவார். சண்டை உங்களிடம்தான் வரும்.

ஒப்பந்தத்தில் வாடகை உயர்வுக்கு ஒரு பக்கம் எழுதுகிறீர்களே, அதே தாளில் இதையும் எழுதுங்கள்: மாதாமாதம் மீட்டர் கணக்கு இருவருக்கும் தெரிய வேண்டும், ஏ.சி. 24 டிகிரிக்குக் கீழே போவதென்றால் பேசிக்கொண்டு போக வேண்டும். நீங்கள் போடும் நல்ல கண்ணாடிக்கும் குளிர்நீர் சில்லருக்கும் பில்லில் மிச்சமாவதிலிருந்து இத்தனை வருஷத்துக்கு உங்களுக்கு இவ்வளவு பங்கு. அந்தப் பங்கைப் பேசித் தீர்க்காமல் கண்ணாடிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.