ஆர்.சி. விமானத்துக்கு எந்த இன்ஜின்? 'பெருசா போட்டா நல்லது' என்பது ஏன் தவறு?

வார இறுதியில் ரிமோட் விமானம் பறக்கவிடலாம் என்று முடிவு செய்துவிட்டீர்களா? விமானத்தைத் தேர்ந்தெடுப்பது சுலபம். 'இன்ஜின் என்ன போடப்போறீங்க?' என்ற கேள்வியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். "கொஞ்சம் பெரிசாவே வாங்கிடுவோம், பின்னாடி உதவும்" என்று தோன்றும். அந்த எண்ணம்தான் முதல் விமானத்தை முதல் நாளிலேயே உடைக்கிறது.

எந்த இன்ஜின் என்பதை விமானத்தின் எடையும், நீங்கள் பறக்கப்போகும் விதமும்தான் தீர்மானிக்க வேண்டும்.

எவ்வளவு சக்தி தேவை?

மின் மோட்டார் என்றால் கணக்கு எளிது. ஒரு கிலோ எடைக்கு எத்தனை வாட் என்று பாருங்கள். இவை தோராயமான அளவுகள்தான்.

• மெதுவாக மிதக்கும் கிளைடர்: 110 முதல் 150 வாட்
• பழகுவதற்கான ட்ரெயினர்: 165 முதல் 220 வாட்
• லூப், ரோல் அடிக்கும் ஸ்போர்ட் விமானம்: 220 முதல் 330 வாட்
• மூக்கை மேலே தூக்கி அந்தரத்தில் நிற்கும் 3டி பறத்தல்: 330 வாட்டுக்கு மேல்

உதாரணமாக, உங்கள் ட்ரெயினர் 1.2 கிலோ என்றால் சுமார் 240 வாட் போதும். 11.1 வோல்ட் லிப்போ பேட்டரியில் அது ஏறக்குறைய 22 ஆம்பியர். அப்படியானால், வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை 30 ஆம்பியருக்கு வாங்குங்கள். எல்லையிலேயே ஓட்டினால் அது சூடாகி, பாதி வானத்தில் மோட்டார் நின்றுபோகலாம்.

ப்ரொப்பெல்லர் எதற்கு முக்கியம்?

ப்ரொப்பெல்லரில் 10×6 என்று போட்டிருந்தால், அதன் விட்டம் 10 அங்குலம். ஒரு சுற்றுக்கு அது 6 அங்குலம் முன்னேற வேண்டும் என்பது கணக்கு. நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றினால் மணிக்கு சுமார் 91 கி.மீ. நடைமுறையில் விமானத்தின் வேகம் பெரும்பாலும் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

வேகம் வேண்டுமா? விட்டம் குறைவு, பிட்ச் அதிகம். அந்தரத்தில் நிற்க வேண்டுமா? விட்டம் அதிகம், பிட்ச் குறைவு. மோட்டாரில் எழுதியிருக்கும் 'கேவி' எண், சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பதைச் சொல்கிறது. பெரிய ப்ரொப்பெல்லருக்குக் குறைந்த கேவி, சின்னதுக்கு அதிக கேவி. அதிக கேவி மோட்டாரில் பெரிய ப்ரொப்பெல்லரைப் போட்டால் மோட்டார் கருகிவிடலாம்.

குளோ இன்ஜினா, மின் மோட்டாரா?

மெத்தனாலில் ஓடும் குளோ இன்ஜின்களை கன அங்குலத்தில் அளப்பார்கள். '40' என்றால் 0.40 கன அங்குலம், அதாவது சுமார் 6.5 சிசி. இரண்டரை கிலோ எடையுள்ள ட்ரெயினருக்கு 40 முதல் 46 வரையிலான டூ-ஸ்ட்ரோக் போதும். ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் அதே வேலைக்கு 52 முதல் 56 தேவைப்படலாம். அது எடையும் விலையும் கூடுதல், ஆனால் சத்தம் மென்மை. பழைய போர் விமானங்களின் மாதிரிகளுக்கு அந்தச் சத்தம்தான் அழகு. பெட்ரோல் இன்ஜின்கள் பெரும்பாலும் பெரிய விமானங்களுக்கு.

அபார்ட்மென்ட்டில் வசித்து, வாரம் ஒரு நாள்தான் நேரம் கிடைக்கும் என்றால் மின் மோட்டாரே நல்லது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, இன்ஜினை டியூன் செய்யும் வேலையும் இல்லை.

உங்கள் ஊரும் கணக்கில் வரும்

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. அதே அளவுக்கு குளோ இன்ஜினின் சக்தியும் குறையும். வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம் குறையும். அங்கே பறக்கவிடுபவர்கள், சொல்லப்பட்ட வரம்பில் மேல் அளவைத் தேர்வு செய்யலாம். வரம்பைத் தாண்ட வேண்டாம்.

தாண்டினால் என்ன ஆகும்?

வேகம் இரட்டிப்பானால் இறக்கையின் மேல் காற்றின் விசை நான்கு மடங்காகிறது. ட்ரெயினரின் இறக்கை அதற்காகச் செய்யப்பட்டதல்ல, அதிர்ந்து முறியலாம். கனமான இன்ஜின் மூக்கைக் கீழே இழுக்கும். அதைச் சரிசெய்ய வாலில் எடை சேர்த்தால் மொத்த எடை கூடி, வேகமாகத்தான் தரையிறங்க முடியும். புதிதாகப் பழகுபவருக்கு அதுதான் சிரமமான கட்டம்.

சக்தி குறைந்தாலும் ஆபத்துதான். மேலே ஏறும்போது வேகம் இழந்து, விமானம் கல் மாதிரி விழும்.

விதி என்ன சொல்கிறது?

பொழுதுபோக்குக்கான மாடல் விமானங்களும் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளுக்குள் வருகின்றன. கண் பார்வைக்குள்ளேயே பறக்கவிட வேண்டும். பச்சை மண்டலத்தில் பொதுவாக 400 அடி வரைதான். விமான நிலையத்துக்கு அருகில் கட்டுப்பாடு அதிகம் என்பதால், மைதானத்துக்குக் கிளம்பும் முன் மண்டல வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.

கடைக்குப் போவதற்கு முன் மூன்றே விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: பேட்டரியோடு சேர்த்து விமானத்தின் எடை, பறக்கும் விதம், விமானத் தயாரிப்பாளர் சொல்லியிருக்கும் இன்ஜின் வரம்பு. இந்த மூன்றுக்கும் பொருந்தாத இன்ஜின், எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும் உங்களுக்கு வேண்டாம்.