சிங்களத் திரையின் முதல் நாயகி ராசம்மா

சிங்களத் திரைப்படத்தின் முதற் கதாநாயகி ஒரு தமிழ்ப் பெண் என்பது நம்மிற் பலருக்குத் தெரியாது. சாகாமம், திருக்கோவில் பக்கத்து மூத்த சகோதரிகள் வானொலியில் அவரது குரலைக் கேட்டிருக்கலாம். உரியவர் யாரென்று விசாரித்திருக்க மாட்டார்கள்.

1923 ஜனவரி 15 இல் மலையகத்தின் றம்பொடையில் பிறந்தவர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். கொழும்புச் செட்டி இனத்துக் கிறிஸ்தவக் குடும்பம். ருக்மணி தேவி என்பது மேடைக்காக வந்த பெயர். 1930களின் இறுதியில் இந்தக் கிறிஸ்தவப் பிள்ளை முதன்முதலாக இசைத்தட்டில் பாடியது புத்தகயா விகாரையைப் போற்றும் சிங்களப் பாடலை. அன்று யாரும் இனம், மதம் கேட்கவில்லைப் போலும்!

நமது கூத்துக் களரிகளில் பெண் வேடத்தையும் ஆண்களே கட்டி ஆடிய காலம் அது. மேடையேறிய பெண்ணை ஊர் என்னவெல்லாம் பேசியிருக்கும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை. அவரோ பீ. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவில் நாயகியானார். ஜயமான்னவின் சகோதரர், நகைச்சுவை நடிகர் எடியை மணந்தார்.

அக்குழுவின் நாடகமான ‘கடவுணு பொரொந்துவ’ (உடைந்த வாக்குறுதி) முதல் சிங்களப் பேசும் படமாகி 1947 ஜனவரி 21 இல் கொட்டாஞ்சேனை கிங்ஸ்லி படமாளிகையில் திரையிடப்பட்டது. படம்பிடித்தது மதுரையில், தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர்.

1956 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ வந்தபின் நாடகப் பாணிப் படங்களுக்கு மெல்ல மவுசு குறைந்தது. நாயகி வேடங்கள் நின்றன. ருக்மணி முடங்கிவிடவில்லை, ஊர் ஊராகக் களியாட்ட விழாக்களில் பாடி உழைத்தார். வயதுக்கேற்ற வேடங்கள் கிடைத்தபோது அவற்றையும் ஏற்றார். லெஸ்டரின் ‘தெச நிச’ (1972), ‘அஹசின் பொலவட்ட’ (1978) ஆகியவற்றில் அவர் நடித்தார். இளமைக் காலப் படங்களைவிட இவற்றிலேயே அவரது நடிப்பு முதிர்ந்து நிற்கிறது என்பது எனது எண்ணம்.

1978 ஒக்டோபர் 28 இல், மாத்தறையில் பாடிவிட்டு நீர்கொழும்பு வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஜாஎலவுக்கு அருகே துடெல்லயில் வாகன விபத்தில் மரணமானார். வயது 55. ஐந்து வருடங்களின் பின், 1983 ஜூலை வன்செயலில், சிங்களப் படங்களை இயக்கிய தமிழரான கே. வெங்கட் கொல்லப்பட்டார். அதைக் காண ராசம்மா இருக்கவில்லை.