எத்தனை நாளைக்கு முன் சொல்ல வேண்டும்?

கைத்தறிக்கும் இலக்கியத்துக்கும் பெயர் பெற்ற ஊர் மருதமுனை. இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாட்டை 1966ஆம் ஆண்டிலேயே நடத்திக் காட்டிய ஊர் இது. புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீன், மருதூர்க்கொத்தன் போன்றோரைத் தந்த மண். இங்கே ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச நாலு பேர் கூடுவது புதுமையல்ல. ஆனால் அந்த நாலு பேரில் பெண்கள் எத்தனை பேர்? "பெண்களுக்கு இதிலெல்லாம் ஆர்வமில்லை" என்று இலகுவாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆர்வத்தைக் குறை சொல்லும் முன், அழைப்பு அவர்களிடம் எப்போது போய்ச் சேர்ந்தது என்று கேட்க வேண்டாமா சகோதரிகளே?

நாங்கள் சில பெண்கள் மாதத்துக்கு ஒரு முறை ஒரு வீட்டில் கூடி, வாசித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறோம். ஆசிரியைகள் இருக்கிறார்கள். தறியில் நெய்பவர்களும், தையல் தைப்பவர்களும், வீட்டுப் பொறுப்போடு இருப்பவர்களும் இருக்கிறார்கள். எல்லாம் ஒரு பொழுதுபோக்குத்தான். ஆனால் அந்த ஒன்றரை மணித்தியாலம் பலருக்கு மாதம் முழுவதற்குமான மூச்சு. ஆகவே "எத்தனை நாளைக்கு முன் அறிவிப்பது?" என்பது எங்களுக்குச் சிறிய கேள்வியல்ல.

காலையில் அழைப்பு, பின்னேரம் கூட்டம்

ஒரு முறை ஊரில் ஓர் இலக்கிய நிகழ்வு. அழைப்பு அன்று காலை ஒன்பது மணிக்குக் கைத்தொலைபேசியில் வந்தது. கூட்டம் பின்னேரம் நாலு மணிக்கு. பெண்களுக்கென்று போட்ட கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. ஆண்கள் சேட்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். எங்கள் வட்டத்து ராத்தா ஒருவர் பிறகு சொன்னார்: "காலையில சொல்லிப் பின்னேரம் வா எண்டா நான் எப்பிடி வாற? ஒரு கிழமைக்கு முந்திச் சொல்லியிருந்தா, அந்த ரெண்டு மணித்தியாலத்து வேலைய முதல் நாள் ராவையில நெய்து முடிச்சிருப்பனே!"

அவர் சொன்னதில் முழு விடயமும் இருக்கிறது. நெய்த அளவுக்கே கூலி வாங்குபவருக்கு இரண்டு மணித்தியாலம் என்பது பணம். மற்றவர்களுக்கும் வேறு கணக்குகள் உண்டு. கைக்குழந்தையை உம்மாவிடம் விட வேண்டும். உம்மா பக்கத்து வளவில் இருந்தாலும், அன்றைக்கு அவருக்கும் ஒரு பயணம் இருக்கக்கூடாது. பகல் சமையலோடு இரவுச் சாப்பாட்டையும் பார்க்க வேண்டும். பிள்ளையைப் பிரத்தியேக வகுப்புக்குக் கூட்டிப்போக வேறொருவரைப் பிடிக்க வேண்டும். கணவரிடம் நல்ல நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும். இத்தனையும் ஒரு பகலில் நடக்காது. குறுகிய அறிவித்தல் எல்லோரையும் சமமாகத் தடுப்பதில்லை. யாருக்குப் பொறுப்பு அதிகமோ அவரைத்தான் முதலில் வெளியே நிறுத்துகிறது.

நாள் மாறாவிட்டால் அறிவிப்பே தேவையில்லை

இதற்கு நல்ல பரிகாரம், நாளை நிரந்தரமாக்குவது. சென்னையில் 1970ஆம் ஆண்டு தொடங்கிய 'இலக்கியச் சிந்தனை' மாதத்தின் கடைசிச் சனிக்கிழமையைத் தனது நாளாக வைத்துக்கொண்டது. கொழும்பில் வலம்புரி கவிதா வட்டம் பௌர்ணமி தினங்களில் கவியரங்கு நடத்திப் பெயர் பெற்றது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்தில் ஜேம்ஸ் வாட் போன்ற அறிஞர்கள் பௌர்ணமிக்குக் கிட்டிய திங்கட்கிழமையில் கூடினார்கள். தெருவிளக்கு இல்லாத காலத்தில், வீடு திரும்ப நிலவு வெளிச்சம் வேண்டும் என்பதே காரணம். அவர்களுக்கு நிலவே நாளைச் சொல்லிவிடும்.

எங்கள் நாட்டில் போயா தினம் பொது விடுமுறை. ஆண்டுத் தொடக்கத்திலேயே கலண்டரில் இருக்கிறது. ஆகவே நாங்களும் போயா தினத்தையே எடுப்போமா என்று யோசித்தோம். பெண்கள் ஒரே குரலில் மறுத்துவிட்டார்கள். விடுமுறை என்றால் எல்லோரும் வீட்டில். அடுப்படிக்கு அன்றுதான் ஓய்வில்லை! கடைசியில் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலு மணி முதல் ஐந்தரை வரை என்று முடிவாயிற்று. ஆசிரியைகள் பாடசாலை விட்டு வந்து சாப்பிட்டு ஓய்ந்திருப்பார்கள். மஃரிபுக்கு முன் எல்லோரும் வீடு போய்விடலாம். இப்போது யாரும் "எப்போது கூட்டம்?" என்று கேட்பதில்லை.

புத்தகத்துக்கு ஒரு மாதம், பயணத்துக்கு இரண்டு மாதம்

நாள் நிரந்தரமானாலும் சிலவற்றை முன்கூட்டியே சொல்லத்தான் வேண்டும். அடுத்து வாசிக்கப்போகும் புத்தகத்தை இந்த மாதக் கூட்டம் முடியும்போதே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் ஒரு பிரதிதான் கிடைக்கும். ஐந்து பேர் ஆளுக்கு ஐந்து நாள் வைத்திருந்தால் 25 நாள் போய்விடும். இரண்டு கிழமைக்கு முன் அறிவித்தால் மூன்று பேர் வாசிக்காமலே வந்து மௌனமாக இருப்பார்கள்.

பயணம் என்றால் இன்னும் அதிக காலம் வேண்டும். கொழும்பில் வழமையாகச் செப்டெம்பரில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்குப் போவதானால் ஜூலையிலேயே பேச்சைத் தொடங்க வேண்டும். பஸ் கூலியும் புத்தகக் காசும் சிறுகச் சிறுகச் சேர வேண்டும். துணைக்கு யார் வருவது என்பதும் தீர வேண்டும்.

அதற்காக ஆறு மாதத்துக்கு முன் சொல்வதும் பயன் தராது. தூரத்து நாளுக்கு எல்லோரும் "வருவோம்" என்பார்கள். கிட்ட வரும்போது மறந்திருப்பார்கள். ஆகவே நாளை முன்கூட்டிச் சொல்லி, ஒரு கிழமைக்கு முன் ஒரு தடவையும் முதல் நாள் ஒரு தடவையும் நினைவூட்டுகிறோம். வட்ஸ்அப்பை மட்டும் நம்புவதில்லை. சிலரின் வீட்டில் தொலைபேசி மகனின் கையில் இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலால் சொல்லும் சொல்லே பிந்தாமல் போய்ச் சேருகிறது.

கலண்டரில் இல்லாத நாட்கள்

நோன்பு ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே வரும். பெருநாள் எந்த நாள் என்பது பிறை பார்க்கும் இரவிலேயே உறுதியாகும். அந்த நாட்களை ஒட்டித் திகதி குறிக்காமல், "பெருநாள் கழித்து வரும் இரண்டாவது செவ்வாய்" என்று சொல்லிவிடுவது நல்லது. பரீட்சைக் காலம் இப்போதெல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. ஆசிரியைகளிடம் கேட்டே முடிவு செய்கிறோம். நவம்பர், டிசம்பர் மாதங்களில் நம் கரையில் அடைமழை. அப்போது வெளியிடத்து நிகழ்ச்சி எதையும் வைப்பதில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுபோனவர்களை நினைக்கும் நாளில் எந்த விசேடமும் இல்லை.

மௌத்து மட்டும் யாரிடமும் சொல்லிக்கொண்டு வராது. அதற்கும் ஒரு விதி முன்கூட்டியே வைத்திருக்கிறோம். அயலில் மௌத்து நடந்தால் அன்றைய கூட்டம் இல்லை. அடுத்த செவ்வாய் அதே நேரம், அதே வீடு. துக்க வீட்டில் நிற்கும் ஒருவருக்குத் தொலைபேசியில் செய்தி அனுப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சகோதரிகளே! நீங்கள் தையல் வட்டம் நடத்தலாம், வீட்டுத்தோட்டக் குழு நடத்தலாம், பலகாரம் செய்து பழகக் கூடலாம். நாளைக் குறிக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்மில் வீட்டை விட்டு வெளிக்கிட அதிகம் சிரமப்படுபவர் யார்? அவருக்கு எத்தனை நாள் வேண்டும்?" அவருக்குப் போதுமான அவகாசம் எல்லோருக்கும் போதும்.