வெள்ளையில் எத்தனை வெள்ளை? ஜவ்வரிசியின் நிறத்தை 'ஸ்மார்ட்' கேமரா கண்டுபிடிப்பது எப்படி?

சேலம் சூரமங்கலத்தை ஒட்டியிருக்கும் ஜாகீர் அம்மாபாளையத்தில், ஓமலூர் மெயின் ரோட்டில் இருக்கிறது 'சேகோசர்வ்'. 1981-ல் பதிவு செய்யப்பட்ட ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களின் கூட்டுறவு சங்கம் இது. சேலம், நாமக்கல் பகுதி சேகோ ஆலைகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் சரக்கு இங்கே குடோனில் இறங்கும். சாம்பிள் எடுத்து ஆய்வகத்தில் சோதிப்பார்கள். வியாபாரிகள் சாம்பிளைப் பார்த்து டெண்டரில் விலை போடுவார்கள்.

அந்த சாம்பிளில் கண்ணுக்கு முதலில் படுவது நிறம். பளிச்சென்ற வெள்ளை என்றால் ஒரு விலை, கொஞ்சம் பழுப்பு தட்டினால் வேறு விலை. சேலத்து ஜவ்வரிசியில் பெரும்பகுதி போவது மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் போன்ற வட மாநிலங்களுக்கு. அங்கே விரத நாட்களில் சாபுதானா கிச்சடி இல்லாமல் முடியாது. அந்தச் சந்தை கேட்பது வெள்ளை.

சரி, 'வெள்ளை' என்பதை யார் முடிவு செய்வது? மனுஷன் கண்ணா, மெஷினா?

கண்ணை நம்பலாமா?

ஜவுளிக்கடையில் புடவை எடுப்பவர்கள், டியூப் லைட்டில் பார்த்த நிறத்தை நம்பாமல் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்ப்பார்கள். காரணம் இருக்கிறது. ஒரு பொருளின் நிறம் அந்தப் பொருளில் மட்டும் இல்லை. அதன்மேல் விழும் வெளிச்சம், அது திருப்பி அனுப்பும் வெளிச்சம், பார்க்கும் கண், மூன்றும் சேர்ந்ததுதான் நிறம்.

ஜவ்வரிசிக்கும் அதே கதை. காலை வெயிலில் களத்தில் பார்த்தால் ஒரு வெள்ளை, குடோன் பல்பு வெளிச்சத்தில் வேறு வெள்ளை. காலையிலிருந்து வெள்ளையையே பார்த்துக்கொண்டிருக்கும் கண், மதியத்துக்கு மேல் லேசான மஞ்சளையும் 'வெள்ளைதான்' என்று ஏற்றுக்கொள்ளும். இதில் பார்ப்பவரைக் குறை சொல்ல முடியாது, கண்ணின் இயல்பே அப்படி. இந்த இடத்தில்தான் நிறத்தை எண்ணாக மாற்றும் கேமரா உள்ளே வருகிறது.

'ஸ்மார்ட் விஷன் சென்சார்' என்றால் என்ன?

சிம்பிளாகச் சொன்னால், கேமரா, லென்ஸ், லைட், ஒரு குட்டி கம்ப்யூட்டர் நான்கையும் ஒரே டப்பாவுக்குள் அடக்கிய கருவி. பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்கிவிடும். கன்வேயர் பெல்ட்டுக்கு மேலே மாட்டிவிட்டால், கீழே போகும் பொருளைப் படம் பிடித்து, அங்கேயே கணக்குப் போட்டு, 'ஓகே' அல்லது 'நாட் ஓகே' என்று மெஷினுக்கு ஒரு மின் சிக்னல் அனுப்பும். தனியாக கம்ப்யூட்டர் வேண்டாம்.

மாத்திரை அட்டையில் வேறு கலர் மாத்திரை கலந்துவிட்டதா, பாட்டிலுக்குச் சரியான கலர் மூடி போட்டிருக்கிறதா, ஒயர்கள் சரியான வரிசையில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கெல்லாம் தொழிற்சாலைகளில் இவை ஓடிக்கொண்டிருக்கின்றன.

கேமராவின் சென்சார் சில்லுக்கு உண்மையில் நிறமே தெரியாது. எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பது மட்டும்தான் தெரியும். அதனால் சில்லின் ஒவ்வொரு புள்ளி மேலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதாவது ஒரு ஃபில்டரை ஒட்டிவிடுகிறார்கள். பச்சை இரண்டு பங்கு, சிவப்பும் நீலமும் ஒவ்வொரு பங்கு. கோடக் நிறுவனத்தில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் என்பவருக்கு 1976-ல் காப்புரிமை கிடைத்த ஏற்பாடு இது. இப்போது இதைப் படித்துக்கொண்டிருக்கும் போனின் கேமராவிலும் பெரும்பாலும் இதே முறைதான்.

ஆக, ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்கள் கிடைக்கும். சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை.

வெள்ளைதான் இருப்பதிலேயே கஷ்டம்

தக்காளியில் பச்சைக்காயைப் பிரிப்பது கேமராவுக்குச் சுலபம். சிவப்பும் பச்சையும் அவ்வளவு தூரம் தள்ளி நிற்கின்றன. ஜவ்வரிசியில் பிரச்னையே வேறு. வெள்ளைக்கும் 'கொஞ்சம் வெள்ளைக்கும்' நடுவில் கோடு போட வேண்டும்.

ஒரு உதாரணம். நல்ல வெள்ளை மணியைக் கேமரா 245, 244, 240 என்று படிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லேசாக மஞ்சள் தட்டிய மணி 240, 232, 205. முதல் எண்ணை மட்டும் பார்த்தால் 245-க்கும் 240-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்றாவது எண்ணைப் பாருங்கள். 240 எங்கே, 205 எங்கே! மஞ்சள் தட்டுவது என்றால் நீலம் குறைவது. கண் 'ஏதோ டல்லா இருக்கு' என்று சொல்வதை, கேமரா 'நீலம் 35 குறைகிறது' என்று சொல்கிறது.

இந்த மூன்று எண்களை அப்படியே ஒப்பிட்டால் வெளிச்சம் கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் கணக்கு தப்பிவிடும். அதனால் பெரும்பாலான விஷன் சென்சார்கள் அவற்றை வேறு மூன்றாக மாற்றிக்கொள்ளும். என்ன நிறம், அந்த நிறம் எவ்வளவு அடர்த்தி, எவ்வளவு பிரகாசம். மேலே சொன்ன இரண்டு மணிகளையும் இப்படி மாற்றினால், பிரகாசம் 96 சதவீதம், 94 சதவீதம். கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் நிற அடர்த்தி முதல் மணிக்கு 2 சதவீதம், இரண்டாவதுக்கு 15 சதவீதம். கோட்டை எங்கே போட வேண்டும் என்று இப்போது தெரிகிறது அல்லவா?

புதிதாக இதை மாட்டுபவர்கள் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'என்ன நிறம்' என்ற எண்ணை வைத்தே வெள்ளையைப் பிடிக்கப் பார்ப்பார்கள். வெள்ளைக்கு நிறமே கிடையாது என்பதால் அந்த எண் சும்மா அங்கும் இங்கும் ஆடும். வெள்ளைக்குப் பார்க்க வேண்டியது அடர்த்தி. கறுப்புப் புள்ளி, தூசி இருந்தால் பிடிக்க வேண்டியது பிரகாசம்.

மெஷினுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

புரோகிராம் எல்லாம் எழுத வேண்டியதில்லை. நல்ல சரக்கைக் கேமரா கீழே வைத்து, திரையில் ஒரு கட்டம் போட்டு 'டீச்' பட்டனை அழுத்தினால், அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் நிறத்தை அது மனப்பாடம் செய்துகொள்ளும். அடுத்து எவ்வளவு விலகினால் பரவாயில்லை என்ற அளவைக் கொடுக்க வேண்டும். இந்த அளவில்தான் காசே இருக்கிறது. இறுக்கிப் பிடித்தால் நல்ல சரக்கும் கழிவுக்குப் போகும். தளர்த்திவிட்டால் பழுப்பும் உள்ளே வரும். ஒரே ஒரு நல்ல சாம்பிளைக் காட்டிவிட்டு விடக்கூடாது. வெவ்வேறு நாள் சரக்கு, ஈரம் கூடினது, குறைந்தது என நாலைந்து விதமாகக் காட்ட வேண்டும். ஈரமான மணி கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை உள்ளே விடும், காய்ந்த மணி சிதறடிக்கும். இரண்டும் ஒரே சரக்காக இருந்தாலும் கேமராவுக்கு வேறு வேறு நிறம்.

இன்னொரு முக்கியமான விஷயம், 'ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்'. போன் கேமராவில் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்தாலும் சோறு வெள்ளையாகத் தெரிவது இந்த வசதியால்தான். படத்தில் மஞ்சள் அதிகமாக இருந்தால் போன் தானாகவே அதைக் குறைத்துவிடும். செல்ஃபிக்கு நல்லது. ஆனால் ஆலையில் இது ஆன் ஆகி இருந்தால் கதை கந்தல். ஒரு லாட் முழுக்க மஞ்சளாக வரும்போது, 'வெளிச்சம்தான் மஞ்சள்' என்று கேமராவே நினைத்துக்கொண்டு திருத்தி, எல்லாவற்றையும் பாஸ் செய்துவிடும். அதனால் இதை ஆஃப் செய்துவிட்டு, ஒரு வெள்ளைத் தகட்டைக் காட்டி அளவைப் பூட்டி வைப்பார்கள். ஜன்னல் வெயில் படாமல் கூண்டு கட்டி, உள்ளே எல்இடி லைட் மட்டும் எரிய விடுவார்கள். அந்த எல்இடியும் நாளாக ஆக மங்கும். வெள்ளைத் தகட்டை அவ்வப்போது காட்டிச் சரிபார்க்காவிட்டால் மெஷினும் சொக்கிப்போன கண்தான்.

மணி மணியாகப் பிரிப்பது

விஷன் சென்சாரின் அண்ணன் ஒருவர் ஏற்கெனவே ஊருக்குள் இருக்கிறார். அரிசி ஆலைகளில் 'கலர் சார்ட்டர்' என்று சொல்வார்களே, அதுதான். சரிவான தகட்டில் அரிசி வழுக்கிக்கொண்டு விழும்போது கேமராக்கள் ஒவ்வொரு மணியையும் பார்க்கும். கறுப்பு, மஞ்சள் அரிசி வந்தால், அது கீழே வந்து சேரும் நேரத்தைக் கணக்குப் போட்டு, சின்ன குழாய் வழியாகக் காற்றை 'புஸ்' என்று அடித்துத் தள்ளிவிடும். எல்லாம் மில்லி செகண்ட் கணக்கு. பக்கத்தில் விழும் நல்ல மணியும் ஒன்றிரண்டு சேர்ந்து பறக்கும். அதனால்தான் கழித்ததை மறுபடி ஒரு முறை ஓட்டுவார்கள்.

வெள்ளை எப்படி வந்தது என்று கேமரா சொல்லுமா?

சொல்லாது. மொத்த விஷயத்தின் முடிச்சே இங்கேதான் இருக்கிறது.

மரவள்ளிக் கிழங்கைத் தோல் உரித்து, அரைத்து, பாலைத் தெளிய வைத்து, அடியில் தங்கும் மாவை உருட்டி, வறுத்துக் காய வைத்தால் ஜவ்வரிசி. 1940-களில், போர்க் காலத்தில் வெளிநாட்டு வரத்து நின்றபோது சேலத்தில் வேர் பிடித்த தொழில் இது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

தோலைச் சரியாக உரிக்காமல் அரைத்தால் மாவு பழுப்பாகும். பிடுங்கிய கிழங்கை 2, 3 நாள் போட்டு வைத்தாலே உள்ளே நீலக்கறுப்புக் கோடுகள் ஓடிவிடும். அதிலிருந்து வரும் மாவும் நிறம் மங்கும். சரக்கு வெள்ளையாக இல்லை என்றால் விலை இல்லை. அப்போது கை தானாக ரசாயன டப்பா பக்கம் போகிறது. வெளுப்பதற்கு ரசாயனம் சேர்க்கிறார்கள் என்ற புகாரில் சேகோ ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறை பலமுறை சோதனை நடத்தியிருக்கிறது. ரசாயனம் கலக்காத ஆலைக்காரருக்கு இதில் இரட்டை அடி. தோலை உரிக்க ஆள் கூலி கூடுதல், நிறமோ ரசாயனம் போட்டதைவிட ஒரு படி கம்மி. டெண்டர் மேஜையில் இரண்டு சாம்பிளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

எவ்வளவு விலை உயர்ந்த கேமராவாக இருந்தாலும், நல்ல கிழங்கை ஒழுங்காக உரித்து வந்த வெள்ளைக்கும், ரசாயனத்தில் வெளுத்த வெள்ளைக்கும் அதே எண்களைத்தான் காட்டும். சொல்லப்போனால் வெளுத்ததற்கு ஒரு மார்க் கூடவே போடும்! துணிக்குப் போடும் வெண்மையூட்டி மாதிரி ஏதாவது கலந்திருந்தால், புற ஊதா விளக்கில் அது நீலமாக ஒளிரும் என்பதால் அந்த விளக்கோடு சேர்ந்த கேமரா காட்டிக்கொடுக்க வாய்ப்புண்டு. மற்றபடி வெளுத்துவிட்டுப் போன ரசாயனத்தை ஆய்வகச் சோதனையில்தான் தேட வேண்டும்.

அப்படியானால் கேமராவை எங்கே மாட்டுவது?

பெரும்பாலும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது கடைசியில், அதாவது மூட்டை பிடிக்கும் இடத்தில். வெள்ளைக்கும் வெள்ளைக்கும் நடுவே கோடு போடும் கஷ்டமான வேலை அங்கேதான்.

ஆரம்பத்தில், தோல் உரித்த கிழங்கு அரவைக்குப் போகும் பெல்ட்டுக்கு மேலே மாட்டினால் வேலை சுலபம். கிழங்கின் தோல் பழுப்பு, சதை வெள்ளை. இரண்டும் தூரத்தில் நிற்கும் நிறங்கள், சாதாரண விஷன் சென்சாரே போதும். படத்தில் பழுப்புப் பரப்பு இத்தனை சதவீதத்தைத் தாண்டினால் கிழங்கைத் திரும்பத் தோல் உரிக்க அனுப்பு என்று ஒரு கட்டளை. மண், தண்ணீர் தெறிக்கும் இடம் என்பதால் கேமராவுக்கு நீர் புகாத உறையும், கண்ணாடியைத் துடைக்க ஒரு ஆளும் வேண்டும். ஈரக் கிழங்கு பளபளக்கும், அந்தப் பளபளப்பைக் கேமரா வெள்ளை என்று எண்ணிவிடும். அதனால் லைட்டை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து வைக்க வேண்டும்.